விக்கிரமங்கலத்தில் ஆறாம் நாள்

சனிக்கிழமை காலை 6.40-க்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி ஏறினேன். முப்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்பது ரூபாய். 2003-ஆம் வருடத்துக் கத்திரி வெயில் அந்த வாரம்தான் தொடங்கியிருந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தும் பிரயோஜனமில்லை. அந்நேரத்துக்கே காற்று சுட்டது. முந்தைய வருடமும் மழை ஏமாற்றிவிட்டதால், சாலையின் இரண்டு பக்கமும் மானாவாரி நிலங்கள் உழுதது உழுதபடி கிடந்தன. பையில் ஒரு மாற்று வேட்டியும் சட்டையும் வைத்திருந்தேன். அதோடு நான் வேலை பார்க்கும் அச்சக முதலாளி வாய்மொழியாகக் கொடுத்த ஒரு வாக்கும் இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய காவல் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, நான் கூட்டி வரும் ஆளுக்கு அதைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

நான் கூட்டிவரப் போனது சைக்கிள் தங்கராசு அண்ணனை.

சைக்கிள் வீரர் என்றால் டி.வி.யில் பளபளக்கும் பனியன் போட்டு மலை ஏறுகிற வெள்ளைக்காரர்கள்தான் உங்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர்கள். தங்கராசு அண்ணன் எங்கும் போவதில்லை. ஊர் மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட ஒரு வட்டத்துக்குள் ஏழு நாள், இரவு பகலாக, கீழே கால் வைக்காமல் சைக்கிளில் சுற்றுவார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் வண்டி மேலேயேதான். தூக்கம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டே சுற்றுவார். எட்டாம் நாள் காலை ஊர்க்காரர்கள் மாலை போட்டு, துண்டு போர்த்தி, கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். இருபது வருடமாக அதுதான் அவருக்குத் தொழில்.

இந்த வித்தைக்கு இரண்டே விதிதான். தரையில் அவர் கால் படக்கூடாது, வண்டியில் வேறொருவர் கை படக்கூடாது. இரண்டில் எது நடந்தாலும் அதுவரை சுற்றியது சேராது.

பேரளியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, “அவனுங்க ராத்திரியில எறங்கிப் படுத்துக்குவானுங்க சார்” என்றார். எனக்கு இந்த ஒரு பேச்சு மட்டும் ஆகாது. கீழப்பழுவூரில் 1998-இல் இதே சந்தேகத்தில் மூன்று நாள் கண்விழித்துக் கிடந்து பார்த்தவன் நான், அவர் இறங்கவில்லை என்றேன். வேலைவெட்டி இல்லையா உங்களுக்கு என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. கண்டக்டர் வந்து இருவரையும் சமாதானப்படுத்தினார். அரியலூர் வரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காலை 7.50. அரியலூர். சிமெண்டு லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சிலும், வேப்பமர இலையிலும், டீ ஆற்றுகிறவர் புருவத்திலும் வெள்ளைப் புழுதி. டீ இரண்டு ரூபாய். கீழப்பழுவூர் வண்டி வர அரை மணி ஆகும் என்றார்கள். அந்த அரை மணியில், அந்த மனிதர் பஸ்ஸில் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள்காரர் பின்னால் எட்டு வருடமாக ஊர் ஊராய் அலைய என்னதான் இருக்கிறது?

1995-இல் எனக்கு வயது இருபத்து மூன்று. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன். திருச்சியில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஓடப் போய், மூன்றாவது சுற்றில் ஓரமாக உட்கார்ந்துவிட்டவன். டிரைவிங் கற்றுக்கொள்ளப் போய் ரிவர்ஸ் வரைக்கும் வராமல் திரும்பியவன். ஊரில் எனக்கு அரைப்படி என்று பேர். அந்த வருடம் எங்கள் ஊர் பள்ளிக்கூட மைதானத்துக்கு அவர் வந்தார். முதல் நாள் மற்றவர்களோடு சேர்ந்து நானும் கேலி பேசினேன். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிக்க, சுற்றிக்கொண்டே இருந்தார். நான் அதற்குப் பிறகு வீட்டுக்குச் சாப்பிடக்கூடப் போகவில்லை. கடைசி நாள் அவரை இறக்கியபோது கால் நிற்கவில்லை. இரண்டு பேர் தாங்கினார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். ஒரு மனிதன் தொடங்கியதை முடித்து அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. அடுத்த மாதம் பெரம்பலூரில் அச்சகத்தில் சேர்ந்தேன், இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். அவருடைய நோட்டீஸ்களை நான்தான் அச்சடித்துத் தருவேன். ஜெயங்கொண்டம், கீழப்பழுவூர், எங்கே சுற்றினாலும் ஏழாம் நாள் நான் போய் நின்றுவிடுவேன்.

இந்த முறை ஏழாம் நாள் வரை காத்திருக்காமல் ஐந்தாம் நாளே கிளம்பியதற்குக் காரணம், நோட்டீஸ் வாங்க வந்த அவர் மனைவி மல்லிகா அண்ணி சொன்ன செய்தி. அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. வலது குதிகாலில் ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை.

8.25-க்குக் கீழப்பழுவூர் வண்டி கிடைத்தது. டிக்கெட் நாலு ரூபாய். அங்கே இறங்கி கோயில் மதில் நிழலில் முக்கால் மணி நேரம் நின்றேன். விக்கிரமங்கலம் போகும் வண்டி நிற்க இடமில்லாமல் வந்தது. கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, சைக்கிள் பார்க்கவா என்று அவராகவே கேட்டார். இன்றைக்கு அஞ்சாம் நாள், ஆள் இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறார் என்று, சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

காலை 10.15. விக்கிரமங்கலம். மைதானத்துக்கு வழி கேட்க வேண்டியதில்லை, ஒலிபெருக்கிச் சத்தமே கூட்டிப்போனது. நடுவில் ஒரு கம்பம், அதில் குழல் விளக்கு, கம்பத்தடியில் மைக்கோடு மல்லிகா அண்ணி. அறுபதடி அகல வட்டம். அதில் மட்கார்டும் மணியும் கழற்றிப்போட்ட பழைய சைக்கிளில் அவர் சுற்றிக்கொண்டிருந்தார். தலைமுடி முன்னைவிடக் கொட்டியிருந்தது. வலது காலில் துணி சுற்றி, அதற்கு மேல் பாலிதீன் பையைக் கட்டி, குதிகால் படாமல் விரலால் பெடலை மிதித்தார். அவர் நம்மைக் கடந்துபோன பிறகு ஒரு நாற்றம் வந்தது. ஈக்களும் கூடவே வட்டம் சுற்றின. கூட்டத்தில் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அது அந்த ஊர்க்காரர்களின் நாகரிகம்.

அவரோடு பேச வேண்டுமென்றால் நாமும் வட்டத்தில் நடக்க வேண்டும். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே அவர் வேகத்துக்கு நடந்துகொண்டே பேசினேன். “வா அச்சாபீசு” என்றார். வழக்கமான விசாரிப்பெல்லாம் நாலு சுற்றில் முடிந்தது. காவல் வேலையைப் பற்றிச் சொன்னேன். நாற்காலி, மின்விசிறி, ஞாயிறு விடுமுறை எல்லாம் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பாமல் இரண்டு சுற்று மிதித்தார். மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“வரேன்டா. செவ்வாக்கெழம காலையில ஆறு மணிக்கு முடியுது. எறங்கி நேரா உங்கூடயே பஸ் ஏறிடுறேன். இதான் கடைசி. ஆனா இத முழுசா முடிச்சிட்டுத்தான் வருவேன்” என்றார்.

இன்னும் மூன்று பகல், மூன்று இரவு இருந்தது. இறங்குங்கள் அண்ணே, இப்போதே இறங்குங்கள் என்று சொல்லத்தான் நான் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ் மாறி வந்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் தரையில் கிடந்த பத்து ரூபாய் நோட்டை வண்டியிலிருந்து வளைந்து பல்லால் கவ்வி எடுத்தார். கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவர் முடிப்பதைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அந்தக் காலைக் கண்ணால் பார்த்த பிறகும் இருந்தது.

மத்தியானம் கம்பத்தடி நிழலில் மல்லிகா அண்ணி எனக்குச் சோறு போட்டார். ஜெயங்கொண்டத்தில் ஒரு டாக்டர், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் கால் தங்காது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. தான் சொன்னால் காதிலேயே வாங்குவதில்லை என்றும், என் பேச்சுக்கு மட்டும் அவரிடம் மதிப்பு உண்டு என்றும் சொன்னார். எட்டு வருடமாக ஒரு தடவைகூடத் தவறாமல் வருகிற ஒரே ஆள் நான்தானாம்.

“எறங்கச் சொன்னீங்களா தம்பி?” என்றார்.

“சொன்னேன் அண்ணி. முடிச்சிட்டுத்தான் வருவாராம்” என்றேன்.

அண்ணி எழுந்து போய் மைக்கைப் பிடித்து, ஐந்தாம் நாள் பிற்பகல் என்று அறிவித்தார். அன்று சாயங்காலம் நான் அண்ணன் பக்கத்தில் நடக்கவே இல்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தூரத்திலிருந்து பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆறாம் நாள். காலையிலிருந்தே கூட்டம் அதிகம். பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் வந்திருந்தார்கள். ஒரு குடும்பம் தூக்குவாளியில் கம்மங்கூழ் கொண்டுவந்து, அவர் ஓட்டத்தோடு ஓடி, கை படாமல் செம்பை நீட்டிக் கொடுத்தது. பஞ்சாயத்து மெம்பர் ஒருவர், வயதானவர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் முன்னின்று பார்த்தார். செவ்வாய்க்கிழமை போர்த்த வேண்டிய துண்டை எனக்கு விரித்துக் காட்டினார். நல்ல பட்டுக்கரை போட்ட துண்டு.

பிற்பகல் 2.50. அனல் கண்ணைத் திறக்கவிடவில்லை. ஒலிபெருக்கிகூட ஓய்ந்திருந்தது. நான் தெற்குப் பக்கம் கோட்டை ஒட்டி நின்றிருந்தேன். அண்ணன் வடக்கே திரும்பும்போதே தலை முன்னால் தொங்கியிருந்ததைப் பார்த்தேன். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பெடல் நின்றுவிட்டது. வண்டி தன் வேகத்தில் கொஞ்ச தூரம் உருண்டு, ஆடி, கோட்டைத் தாண்டி என்னை நோக்கிச் சாய்ந்தது.

நான் யோசிக்கவில்லை. பாய்ந்து ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்துவிட்டேன். வண்டி நின்றது. அவர் கால் இரண்டும் பெடல் மேலேயே இருந்தன. தரையில் படவில்லை. ஒரு கணம் அவரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் சந்தோஷப்பட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண் திறந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் ஹேண்டில்பாரை.

“கைய எடு” என்றார், மெதுவாக.

எடுத்தால் விழுந்துவிடுவீர்கள் என்றேன்.

“விழுந்தா விழுறேன். எடு.”

நான் எடுக்கவில்லை. இப்போது எடுத்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பிறகு அவராகவே வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தார். பாலிதீன் பைக்குள்ளிருந்து கசிந்தது புழுதியில் ஈரமாகப் பதிந்தது.

நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மெம்பர் பெரிய மனிதராகவே நடந்துகொண்டார். ஐந்தரை நாள் சுற்றியதே போதும், இந்த வெயிலில் வேறு எவன் சுற்றுவான், மரியாதையை இப்போதே செய்துவிடுகிறோம் என்று துண்டை எடுத்துவரச் சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். ஓர் ஆள் மட்டும் என்னைப் பார்த்து, படித்தவன்போல இருக்கிறாய், விதி தெரியாதா என்று கேட்டார். இன்னொருவர், அந்தத் தம்பி பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும் என்று எனக்காகப் பேசினார். யார் பேசியதும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அண்ணன் துண்டை வாங்க மறுத்துவிட்டார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். நான் அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, வாங்க போயிடலாம், இப்பவே பஸ் இருக்கு என்று இந்த முறை வாய்விட்டே கெஞ்சினேன். அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“விழுந்திருந்தா வந்திருப்பேன்டா. ஒடம்பு முடியல, விழுந்துட்டேன், தொழில் முடிஞ்சிச்சின்னு உங்கூட வந்திருப்பேன். நீ புடிச்சிட்ட. இப்ப நான் விழவும் இல்ல, முடிக்கவும் இல்ல. எதச் சொல்லிட்டு எறங்குறது?”

கால் போய்விடும் அண்ணே என்றேன்.

“நீ எதுக்குடா இத்தன வருசமா என்னப் பாக்க வர்ற? நான் எறங்கமாட்டேன்னுதான? நாற்காலியில ஒக்காந்திருக்கிற தங்கராசுவ நீ ஒரு மாசம் பாப்ப. அப்புறம் நீயே பாக்கமாட்ட.”

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்வதற்குள், அல்லது சொல்லத் தயங்கிய நேரத்துக்குள், அவர் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். மெம்பர் தடுத்தார். இரண்டு மூன்று பெண்கள் வேண்டாம் ஐயா என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். மல்லிகா அண்ணியோ நல்ல துணியாகப் பார்த்துக் கிழித்து, பழைய கட்டை அவிழ்த்துவிட்டுப் புதுக் கட்டுப் போட்டார். கால் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாலை 4.35-க்கு அவர் ஏறினார். அண்ணி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, குரல் கொஞ்சமும் மாறாமல், முதலாம் நாள் என்று அறிவித்தார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து போனார்கள். சிலர் போகிறபோது, வழக்கம்போலக் கம்பத்தடியில் அரிசியும் கத்திரிக்காயும் வைத்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை 7.10. ஜெயங்கொண்டம் வண்டி மைதானத்து முக்கிலேயே நிற்கும். அன்று அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை இருந்தது. அது இல்லாவிட்டாலும் நான் கிளம்பியிருப்பேன், அங்கே நிற்க என்னால் முடியவில்லை. சொல்லிக்கொள்ளக் கோட்டுக்கு வெளியே ஒரு சுற்று நடந்தேன். அவர் முகம் வீங்கியிருந்தது. என்னை விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “வர்ற ஞாயித்துக்கெழம வந்துடு. மெம்பர் வேணாம், நீதான் என்னக் கையப் புடிச்சு எறக்கிவிடணும்” என்றார். அவருடைய ரசிகனாக இருந்த எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அது. தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வழியெல்லாம் முந்திரித் தோப்பு. பழ வாசனை ஜன்னல் வழியாக வந்தது. ஜெயங்கொண்டத்தில் மாறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் வர மதியம் பன்னிரண்டரை. பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், பிளாட்பாரத்தில் சீட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், எல்லாரும் போன சனிக்கிழமை இருந்தபடியே இருந்தார்கள். இங்கே யாரும் எதையும் ஏழு நாள் விடாமல் செய்வதில்லை. இரண்டு காலில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அச்சக வாசலில் காலி நாற்காலியைப் போட்டுத் துடைத்து வைத்திருந்தார் முதலாளி. ஆள் எங்கே என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அச்சகத்துக்குப் போன் வந்தது. தஞ்சாவூரில் ஒரு பூத்திலிருந்து மல்லிகா அண்ணி பேசினார். செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் நாள் முடிவதற்குள் அவர் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றே வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னும் நினைவு சரியாகத் திரும்பவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் அழுவதாக நினைத்துக்கொண்டு, அந்த அம்மாள் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. சனிக்கெழமயே நீங்க எறங்கச் சொன்னீங்க. உங்க பேச்சயே கேக்காதவரு, வேற யாரு சொல்லி கேக்கப் போறாரு?”

“ஆமா அண்ணி” என்றேன்.